மாதிரி ரயில் தானாக ஓட: ரிலே, ஏபிசி, எக்ஸ்ரெயில், கணினி

மாதிரி ரயிலைத் தானாக ஓட்ட ரிலே, ஏபிசி, எக்ஸ்ரெயில், கணினி மென்பொருள் என நான்கு வழிகள் உண்டு. நான்குக்கும் ஒரே வேலையைக் கொடுத்துப் பார்த்தால்தான் ஒப்பீடு நேர்மையாக இருக்கும். வேலை இதுதான்: ஒரு நீள்வட்டத் தடம், அதில் இரண்டு லைன் உள்ள ஒரு ஸ்டேஷன், இரண்டு ரயில்கள். ஒன்று சுற்றி வந்து தன் லைனில் நின்றதும் மற்றது கிளம்ப வேண்டும். பாயிண்ட் (தடம் இரண்டாகப் பிரியும் இடம்) தானாக மாற வேண்டும், ரயில் கிளம்பலாமா என்று காட்டும் ஸ்டார்ட்டர் சிக்னல் பொய் சொல்லக் கூடாது. லைன் 1, லைன் 2, வெளிவட்டம் என மூன்று பிளாக், அதாவது ஒரு நேரத்தில் ஒரே ரயில் இருக்க வேண்டிய பகுதிகள். ஓடும் ரயில்களைவிட ஒரு பிளாக்காவது கூடுதலாக இல்லையென்றால் எந்த முறையிலும் எல்லா ரயிலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றுவிடும்.

டிசியும் (தண்டவாளத்தின் நேர்மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டும் முறை) ரிலேயும்தான் பழைய வழி. ஒவ்வொரு லைனும் முடியும் இடத்தில் ஒரு பக்கத் தண்டவாளத்தை வெட்டி, இன்ஜின் நீளத்தைவிட நன்றாகக் கூடுதலான துண்டைத் தனியாக்க வேண்டும். 1:87 அளவில் 40 செ.மீ. வைக்கலாம். இரண்டு காயில் உள்ள லாச்சிங் ரிலே (மின்சாரம் போனாலும் கடைசி நிலையிலேயே நிற்கும் மின்சுவிட்ச்) ஒன்று போதும்: ஒரு ஜோடி காண்டாக்ட் துண்டுக்கு மின்சாரம் கொடுக்கும், இன்னொரு ஜோடி சிக்னல் எல்இடிகளை மாற்றும் (12 வோல்ட்டுக்கு 1 கிலோ ஓம் வைத்தால் சுமார் 10 மில்லி ஆம்பியர்). இன்ஜினுக்கு அடியில் காந்தம், தண்டவாளத்துக்கு நடுவில் ரீட் சுவிட்ச் (காந்தம் அருகில் வந்தால் மூடும் சுவிட்ச்). ரயில் ரீடைக் கடந்ததும் ரிலே புரளும், அடுத்த லைனுக்கு உயிர் வரும்.

இதில் அடிக்கடி நடக்கும் தவறுகள் இரண்டு. ரீடை நுழைவுப் பாயிண்டுக்கு அருகிலேயே வைத்துவிடுவது முதல் தவறு. இன்ஜின் உள்ளே வந்ததும் பாயிண்ட் மாறிவிடும், கடைசிப் பெட்டியோ இன்னும் பாயிண்ட் மேலேயே இருக்கும், தடம் புரளும். பாயிண்டிலிருந்து ரீட் வரை உள்ள தூரம் மிக நீளமான ரயிலைவிட அதிகமாக இருக்க வேண்டும். இரண்டாவது, காயில் வகைப் பாயிண்ட் மோட்டாரை ரீடிலிருந்தே நேராக இயக்குவது. அந்த மோட்டார் கணநேரத்தில் பல ஆம்பியர் இழுக்கும். ரீடின் மெல்லிய காண்டாக்ட் ஒட்டிக்கொள்ளும், துடிப்பு நிற்காமல் காயில் கருகும். நடுவில் ஒரு ரிலேயும், மின்சாரத்தைச் சேமித்து ஒரே துடிப்பாகக் கொடுக்கும் கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் யூனிட்டும் வேண்டும்.

ரிலே முறையின் பலவீனம் நிற்கும் விதம். மின்சாரம் அறுந்ததும் இன்ஜின் சட்டென்று நிற்கும், பெட்டிகள் முட்டும், இன்ஜின் விளக்கு அணையும். பலம், லாச்சிங் ரிலே மறக்காது. இரவு மின்சாரத்தை அணைத்துவிட்டுக் காலையில் போட்டால் விட்ட இடத்திலிருந்து ஓடும். எக்ஸ்ரெயிலில் இதை எதிர்பார்க்காதீர்கள்.

அடுத்தது ஏபிசி, டிசிசி டிகோடரின் தானியங்கி பிரேக். டிசிசியில் தடத்து மின்சாரத்தோடு கட்டளைகளும் போகும், இன்ஜினுக்குள் இருக்கும் டிகோடர் பலகை அவற்றைப் படித்து மோட்டாரை ஓட்டும். இது தேவைக்கும் குறைவாகவே பேசப்படுகிறது. மேலே சொன்னது போன்ற துண்டு, ஆனால் பிரேக் தூரத்தைவிட நீளமாக; அதே ரிலே. மின்சாரத்தை அறுப்பதற்குப் பதிலாக, துண்டுக்குப் போகும் கம்பியில் ஒரு திசைக்கு நான்கு சிலிக்கான் டயோடுகளை வரிசையாகவும், எதிர்த் திசைக்கு ஒரு ஷாட்கி டயோடையும் வைக்க வேண்டும். 3 ஆம்பியர் டயோடு போதும். தடத்தில் போகும் டிசிசி மின்னலையின் இரு பாதிகளுக்கும் வோல்ட் வேறுபாடு உண்டாகும். அதைக் கண்டதும் டிகோடர் பிரேக் போடும். பச்சை விழும்போது மின்சாரம் டயோடுகளைத் தவிர்த்து நேராகப் போக ரிலே வழிவிடும். டிகோடரில் சிவி 27 என்ற அமைப்பு எண்ணை 1 அல்லது 2 என வைப்பது எந்தப் பக்கத் தண்டவாளம் என்பதைக் குறிக்கும். நிலையான பிரேக் தூரம் வைக்கும் வசதி உள்ள டிகோடராக இருந்தால், எந்த வேகத்தில் வந்தாலும் ஒரே இடத்தில் நிற்கும். விளக்கும் ஒலியும் அணையாது. கணினி தேவையில்லை.

இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும் ரயிலில் மட்டும் ஏபிசி சறுக்கும். டிகோடர் துண்டுக்குள் வரும்போது முன்பெட்டி சிக்னலைத் தாண்டியிருக்கும். அப்படி ஓட்டுவதாக இருந்தால் துண்டு முழு ரயிலையும் அடக்க வேண்டும்.

எக்ஸ்ரெயில் என்பது டிசிசி-இஎக்ஸ் கமாண்ட் ஸ்டேஷனுக்குள்ளேயே (தடத்துக்கு டிசிசி கட்டளைகளை அனுப்பும் கருவி) இருக்கும் தானியங்கி மொழி. அர்டுயினோ மெகா போன்ற சிறு கணினிப் பலகையும், தடத்துக்கு மின்சாரம் கொடுக்கும் மோட்டார் ஷீல்டும் வேண்டும். சிறிய அர்டுயினோ ஊனோவில் நினைவகம் போதாது. நம் வேலைக்கு லைனுக்கு இரண்டாக நான்கு சென்சார், ஸ்டேஷனின் இரண்டு பாயிண்டுகளுக்கும் ஒவ்வொரு செர்வோ மோட்டார், அவற்றை ஓட்ட பிசிஏ9685 பலகை, சிக்னலுக்கு எம்சிபி23017 (கூடுதல் இணைப்புகள் தரும் சில்லு) போதும். எழுதும் வரிசை எளியது: வெளிவட்டத்தை ரிசர்வ் செய், பாயிண்டை வை, சிக்னல் பச்சை, வேகம் 40, ஸ்டார்ட்டரைக் கடந்ததும் சிவப்பு, திரும்பி வந்து முதல் சென்சாரில் வேகம் 15, இரண்டாவதில் நில், ரிசர்வை விடு, காத்திரு, மீண்டும் தொடங்கு. அந்தக் ‘காத்திரு’வை விட்டுவிட்டால், பிளாக்கை விட்ட ரயிலே அதை மறுபடி பிடித்துக்கொள்ள இடமுண்டு, மற்ற ரயில் நின்றபடியே இருக்கும். 5 விநாடி கொடுங்கள்.

இன்னொன்றை நன்றாக மனத்தில் வைக்க வேண்டும். எக்ஸ்ரெயிலின் ரிசர்வ் வெறும் பதிவுதான். தடத்தில் உண்மையில் என்ன நிற்கிறது என்று அது பார்ப்பதில்லை. வெளிவட்டத்தில் ஒரு பெட்டி கழன்று நின்றாலும், ‘விடு’ என்ற வரி வந்ததும் அடுத்த ரயிலை அனுப்பிவிடும். சென்சார் ஒரு தடவை தவறவிட்டால் ரயில் நிற்காமலே போகும். காலவரம்போடு காத்திருக்கும் கட்டளை உண்டு. நிறுத்தும் ஒவ்வொரு சென்சாருக்கும் அதைப் பயன்படுத்தினால் ரயிலையாவது நிறுத்தலாம்.

கணினி மென்பொருள் இந்த இரண்டு ரயில் வேலைக்கு அதிகம். நான்கைந்து ரயில்கள், மறைவில் பல நிறுத்தத் தடங்கள், எந்த வழி காலியோ அதைத் தேர்ந்து போக வேண்டும் என்ற நிலை வரும்போது இதற்கு நிகர் இல்லை. ராக்ரெயில் என்ற மென்பொருள் ஒரு பிளாக்குக்கு ‘நுழைந்தது’, ‘உள்ளே வந்தது’ என இரண்டு நிகழ்வுகளைக் கேட்கும். முதலாவதில் வேகம் குறையும், இரண்டாவதில் நிற்கும். வேக அளவீடு இல்லாமலே தொடங்கிவிடலாம். ட்ரெயின்கன்ட்ரோலர், ஐட்ரெயின் என்ற மென்பொருள்கள் பிளாக்குக்கு ஒரே சென்சாரை வைத்து, அதிலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் நிற்க வேண்டும் என்று கணக்கிடும். அதற்கு ஒவ்வொரு இன்ஜினையும் சூடாக ஓட்டிய பிறகு வேக அளவீடு செய்தாக வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் எடுத்த அளவு ஒரு மணி நேரம் கழித்துப் பிசகும். இலவசமான ஜேஎம்ஆர்ஐயின் சிக்னல் தர்க்கம் மிக விரிவானது, ஆனால் அதன் டிஸ்பாட்சர் வசதியில் ரயில் தானாக நகர்வதற்கு முன் பிளாக், சிக்னல், செக்‌ஷன் (பிளாக்குகளின் தொகுப்பு), ட்ரான்சிட் (செக்‌ஷன்கள் சேர்ந்த பயண வழி) எல்லாவற்றையும் வரையறுத்து முடிக்க வேண்டும். எந்த மென்பொருளானாலும் கணினியின் உறக்க நிலையையும் யூஎஸ்பி மின்சேமிப்பையும் அணைத்துவிடுங்கள். இணைப்பு அறுந்தால் ரயில்கள் கடைசியாகக் கேட்ட வேகத்திலேயே ஓடும்.

நான்கில் எதை எடுத்தாலும் அதன் நம்பகத்தன்மை ரயில் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் சென்சாரைப் பொறுத்தது. மூளையைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். பலகைக்கு அடியில் உள்ள கம்பியை மாற்றுவது பெரும்பாடு. அதனால் சென்சாரைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும்.

ரீடும், காந்தப்புலத்தை உணரும் ஹால் சென்சாரும் இடத்தைத் துல்லியமாகச் சொல்லும், வெளிச்சத்துக்கும் அழுக்குக்கும் அசையாது. ஆனால் காந்தம் உள்ள வண்டியை மட்டுமே அறியும். ஏ3144 போன்ற ஹால் சென்சார் காந்தத்தின் ஒரு முனைக்கு மட்டுமே பதில் சொல்லும் என்பதால், ஒட்டுவதற்கு முன் எந்த முகம் கீழே என்று சோதித்துவிட வேண்டும். அகச்சிவப்பு சென்சாருக்குக் காந்தமே வேண்டாம். ஆனால் ஜன்னல் வெயில் அதைக் குழப்பும், இரண்டு பெட்டிக்கு இடையிலான வெளியை ‘ரயில் போய்விட்டது’ என்று சொல்லும். கதிரைத் தடத்துக்குக் குறுக்காக, சாய்த்து அனுப்பினால் அந்த இடைவெளி மறையும். தடத்துக்கு நடுவில் படுக்கும் டிசிஆர்டி5000 என்ற அகச்சிவப்பு சென்சார் கறுப்பு அடிப்பாகத்தைச் சில சமயம் காணாது.

பிளாக்குக்குள் மின்சாரம் இழுக்கப்படுகிறதா என்று பார்க்கும் மின்னோட்ட உணரி மட்டுமே பிளாக் முழுவதையும் பார்க்கிறது. கழன்ற பெட்டியையும் காட்டும், ஆனால் அந்தப் பெட்டி கொஞ்சமாவது மின்சாரம் இழுக்க வேண்டும். அச்சில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒட்டினால் 15 வோல்ட்டில் 1.5 மில்லி ஆம்பியர். ஒவ்வொரு பெட்டிக்கும் வேண்டும் என்றாலும், கடைசிப் பெட்டிக்காவது கட்டாயம். டிசியில் நின்றுபோன ரயிலை இது காணாது, தடத்தில் மின்சாரமே இருக்காது. அழுக்குச் சக்கரத்தால் உணரி மினுமினுத்தால், ‘காலி’ என்று ஏற்க அரை முதல் ஒரு விநாடி தாமதம் வையுங்கள்.

ரிலேயில் தொடங்கினாலும், கணினிக்குப் போகும் எண்ணம் இருந்தால் தடம் போடும்போதே மூன்று பிளாக்குகளின் எல்லைகளையும் வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பியை இறக்கிவிடுங்கள். வெட்டிய இடைவெளியில் பிளாஸ்டிக் துண்டை ஒட்டித் தண்டவாள வடிவுக்கு அரத்தால் தேய்க்க வேண்டும். அப்படியே விட்டால் வெப்பத்தில் தண்டவாளம் நீண்டு இடைவெளி மூடும், இரண்டு பிளாக் ஒன்றாகிவிடும்.