ஒரே எண்ணம், நான்கு சிகிச்சை: எல்லிஸா, பெக்கா, செயலூக்கமா, ஆக்ட்டா?

மூன்று நாள் உட்கார்ந்து தயாரித்த அறிக்கையை இரவு பதினொரு மணிக்கு மேலாளருக்கு அனுப்புகிறீர்கள். அடுத்த நிமிடமே பதில் வருகிறது: “பார்த்தேன்.” நன்றாக இருக்கிறது என்றோ திருத்து என்றோ ஒரு வார்த்தை இல்லை. தூக்கம் போய்விட்டது. “நான் எதற்கும் லாயக்கில்லை” என்று மனம் ஆரம்பித்துவிடுகிறது.

சிபிடி, அதாவது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற ஒரே கூரையின் கீழ் பல சிகிச்சைகள் குடித்தனம் நடத்துகின்றன. அவற்றுக்குள் சண்டையும் உண்டு. மேலே சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை நான்கு பேரிடம் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்று பார்த்தால் சண்டை எதைப் பற்றியது என்பது புரிந்துவிடும்.

முதலில் ஆல்பர்ட் எல்லிஸ். நியூயார்க்கில் உளப்பகுப்பாய்வு, அதாவது பிராய்டின் வழியில் மனத்தின் ஆழத்தைக் கிளறும் சிகிச்சை, செய்துகொண்டிருந்தவர், அது ரொம்ப மெதுவாக வேலை செய்கிறது என்று அலுத்துப்போய் 1955-இல் தன் வழியைத் தொடங்கினார். இன்று அதன் பெயர் ஆர்இபிடி, அதாவது பகுத்தறிவு உணர்ச்சி நடத்தைச் சிகிச்சை. நம்மைக் கலங்கடிப்பது நிகழ்வு அல்ல, அதைப் பற்றி நாம் வைத்திருக்கும் நம்பிக்கைதான் என்பது அதன் அடிப்படை. கிரேக்கத் தத்துவ ஞானி எபிக்டெட்டஸிடமிருந்து எடுத்துக்கொண்டதாக எல்லிஸே ஒப்புக்கொண்ட கருத்து இது.

எல்லிஸின் கேள்வி முரட்டுத்தனமானது. “சரி, அறிக்கை மோசம் என்றே மேலாளர் நினைக்கட்டும். அப்புறம்? அதனால் நீங்கள் மோசமான மனிதராகிவிடுவீர்களா?” மேலாளர் உண்மையில் என்ன நினைத்தார் என்ற ஆராய்ச்சியில் அவருக்கு அக்கறை இல்லை. அவர் தேடுவது ‘கட்டாயம்’ எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை. தமிழில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். “அவர் பாராட்டினால் நன்றாக இருக்கும்” என்பது ஆசை. “அவர் பாராட்டியே ஆக வேண்டும்” என்பது கட்டளை. நடுவில் வந்து உட்கார்ந்த தேற்றேகாரம், அதாவது உறுதியைக் காட்டும் அந்த ‘ஏ’தான் தூக்கத்தைக் கெடுக்கிறது. அந்த ஏகாரத்தைப் பிடுங்குவதுதான் எல்லிஸின் வேலை.

வாய்ப்பேச்சோடு அவர் நின்றவரும் அல்ல. 19 வயதில் பெண்களிடம் பேசப் பயந்த எல்லிஸ், பிராங்ஸ் தாவரவியல் பூங்காவில் தனியாக அமர்ந்திருக்கும் பெண்களின் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பது என்று ஒரு மாதத் திட்டம் போட்டுக்கொண்டார். அவர் சொன்ன கணக்குப்படி மொத்தம் 130 பேர். 30 பேர் உடனே எழுந்து போய்விட்டார்கள். மீதி 100 பேரிடம் பேசினார். ஒரே ஒருவர் சந்திக்கச் சம்மதித்தார், அவரும் வரவில்லை. ஆனால் பயம் போய்விட்டது. வேண்டுமென்றே வெட்கப்படும் காரியத்தைச் செய்யச் சொல்லும் அவருடைய பிற்காலப் பயிற்சிகளுக்கு இதுதான் விதை.

ஆரோன் பெக் வேறு மாதிரி ஆள். பென்சில்வேனியா பல்கலைக்கழக மனநல மருத்துவர். மனச்சோர்வு என்பது உள்ளே திருப்பிவிடப்பட்ட கோபம் என்ற பிராய்டியக் கருத்தை நிரூபிக்க நோயாளிகளின் கனவுகளை ஆராயப் போனவருக்குக் கிடைத்தது கோபம் அல்ல, இழப்பும் தோல்வியும்தான். கூடவே இன்னொன்றையும் கவனித்தார். நோயாளி வாயால் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடியில் இன்னொரு எண்ண ஓட்டம் சட்சட்டென்று வந்து போகிறது. ‘தானாக எழும் எண்ணங்கள்’ என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார்.

பெக் சண்டை போடமாட்டார், விசாரிப்பார். “லாயக்கில்லை” என்பதன் வாலில் ஓர் ஆகாரத்தைச் சேர்த்து “லாயக்கில்லையா?” என்று கேள்வியாக்கி, சான்று எங்கே என்பார். இதற்கான கருவிதான் எண்ணப் பதிவேடு. நம் கதைக்கு அதை நிரப்பினால் இப்படி வரும். சூழல்: இரவு 11, ஒற்றைச் சொல் பதில். எண்ணம்: லாயக்கில்லை, நம்புவது 85 சதவீதம். உணர்ச்சி: அவமானம், 70. ஆதரவான சான்று: “பார்த்தேன்” என்ற அந்த ஒரு சொல். எதிரான சான்று: நேரம் இரவு பதினொன்று, அவர் மற்றவர்களுக்கும் இப்படித்தான் எழுதுகிறார், போன மாத அறிக்கையை மேலிடத்துக்கு அனுப்பியவரும் அவரேதான். மாற்று எண்ணம்: “வந்து சேர்ந்ததைச் சொல்லியிருக்கிறார், கருத்து இன்னும் தெரியாது.” இப்போது பழைய எண்ணத்தை நம்புவது எவ்வளவு? 40.

பெரும்பாலோர் சறுக்குவது இரண்டு இடத்தில். ஒன்று, சான்று என்ற கட்டத்தில் “எனக்கே அப்படித் தோன்றுகிறதே” என்று எழுதுவது. தோன்றுவது சான்றாகாது. மற்றது, மாற்று எண்ணமாக “நான் பெரிய கெட்டிக்காரன்” என்று எழுதிவைப்பது. அதை எழுதியவரே நம்பமாட்டார். 85 பூஜ்யமாக வேண்டியதில்லை. 40-க்கு வந்தாலே தூங்கலாம்.

ஆனால் பெக் முறை எல்லோருக்கும் ஒத்துவராது என்பது என் கருத்து. ஏற்கெனவே தனக்குள் வாதாடிக்கொண்டே இருப்பவரிடம் இந்தத் தாளைக் கொடுத்தால் வழக்குக்கு இன்னொரு கட்டு காகிதம் சேரும், அவ்வளவுதான். ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து ஒரே காரியத்தைச் செய்யவைக்கும் கோளாறு, உள்ளவரிடம் இது அப்பட்டமாகவே தெரியும். “கதவைப் பூட்டினேனா?” என்பதற்குச் சான்று தேடுவதே இன்னொரு சரிபார்ப்பாகிவிடுகிறது. அங்கே கைகொடுப்பது வேறொன்று: ஒரே தடவை பூட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய், பதற்றத்தை அப்படியே தாங்கி இருப்பது. உளவியலாளர் விக்டர் மேயர் 1966-இல் வெளியிட்ட அணுகுமுறையிலிருந்து வளர்ந்தது இது.

மூன்றாவது, செயலூக்கச் சிகிச்சை. இது வாக்கியத்தைத் தொடுவதே இல்லை. 1996-இல் அமெரிக்க உளவியலாளர் நீல் ஜேக்கப்சன் குழுவினர் பெக்கின் சிகிச்சையைப் பிரித்துப் போட்டுச் சோதித்தார்கள். மனச்சோர்வு உள்ளவர்களில் ஒரு பிரிவுக்குச் செயல்களைத் திட்டமிடும் பகுதி மட்டும். மற்றொரு பிரிவுக்கு எண்ணங்கள் உட்பட முழுச் சிகிச்சை. முடிவில் செயல் மட்டும் செய்தவர்கள் பின்தங்கவில்லை. 2016-இல் பிரிட்டனில் 440 பேரை வைத்து நடந்த ஆய்விலும் கிட்டத்தட்ட அதே கதைதான். முறையான உளச்சிகிச்சைப் பயிற்சி இல்லாத இளநிலைப் பணியாளர்கள் கொடுத்த செயலூக்கம், பயிற்சி பெற்றவர்கள் கொடுத்த சிபிடிக்குச் சளைத்ததாக இல்லை. செலவும் குறைவு.

“மனசு வரலை” என்று நாம் சொல்கிறோமே, அந்தக் காத்திருப்பைத்தான் இது உடைக்கிறது. மனசு வந்தபின் காரியம் என்றில்லாமல் காரியத்தைத் தொடங்கிவிடு, மனசு பின்னால் வரட்டும் என்கிறது. ஒரு வாரம் மணிக்கு மணி என்ன செய்தோம், அப்போது மனநிலை பத்துக்கு எத்தனை என்று குறித்துக்கொள்ள வேண்டும். மத்தியானம் முழுக்கப் படுத்திருந்த நேரத்துக்கு 2, அலமாரியை ஒதுக்கிய கால் மணிக்கு 4 என்று வந்தால், மறுநாள் அட்டவணையில் அந்தக் கால் மணி நேரம் ஏறும். உற்சாகமாகச் செய்ய வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. குறித்த நேரத்தில் எழுந்தால் போதும். ஆழ்ந்த சோர்வில் எழுதக்கூடக் கை வராதவருக்கு முதலில் கொடுக்க வேண்டியது இதைத்தான் என்பேன். எண்ணப் பதிவேட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஆக்ட், அதாவது ஏற்பு-உறுதிச் சிகிச்சை, அமெரிக்காவின் நெவாடா பல்கலைக்கழக உளவியலாளர் ஸ்டீவன் ஹேய்ஸும் சகாக்களும் 1980-களிலிருந்து உருவாக்கியது. எண்ணத்தோடு வாதாடினால் அதற்கு மரியாதை கூடிவிடும் என்பது பெக் மீது இவர்களுக்குள்ள குறை. “நான் லாயக்கில்லை” என்பதை மறுக்க வேண்டாம். “‘நான் லாயக்கில்லை’ என்று ஒரு எண்ணம் வருகிறது” என்று சொல்லிப் பாருங்கள் என்கிறார்கள். அந்த ‘என்று’ ஒரு வேலி. எண்ணம் அந்தப் பக்கம், நீங்கள் இந்தப் பக்கம். “லாயக்கில்லை, லாயக்கில்லை” என்று அரை நிமிடம் வேகமாகச் சத்தம்போட்டுச் சொல்வது இன்னொரு உத்தி. கொஞ்ச நேரத்தில் அர்த்தம் உதிர்ந்து வெறும் ஒலி மிஞ்சும். கேட்கக் கோமாளித்தனம்தான், ஆனால் தனியாக இருக்கும்போது ஒருதரம் செய்து பாருங்கள். அதன்பின், எண்ணம் கூடவே வந்தாலும் உங்களுக்கு முக்கியமான காரியத்தைச் செய்வது. நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வுகளில் ஆக்ட்டுக்கும் வழக்கமான சிபிடிக்கும் பெரிய வித்தியாசம் பொதுவாகத் தெரியவில்லை. நாள்பட்ட வலி மாதிரி வாதாடி விரட்ட முடியாத விஷயங்களில் எனக்கு ஆக்ட்தான் பொருத்தமாகப் படுகிறது. வலி இருப்பது உண்மை. அதற்கு எதிராக என்ன சான்றைத் தேடுவது?

உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் இந்த ஒப்பீடெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், உடனே மருத்துவரிடம் போக வேண்டும். தனியாகத் தாள் நிரப்பிச் சமாளிக்கிற நேரம் அதுவல்ல.

சிகிச்சையாளரைத் தேடுபவர்கள், அவர் எந்தக் கட்சி என்று ரொம்பக் குடைய வேண்டாம். பலரும் இந்த நான்கையும் கலந்துதான் செய்கிறார்கள். முதல் ஓரிரு சந்திப்பு முடிந்து வெளியே வரும்போது அடுத்த வாரத்துக்கென்று கையில் ஏதாவது வேலை கொடுத்திருக்கிறாரா என்று பாருங்கள். ஒரு தாளோ, அட்டவணையோ, பயந்த காரியம் ஒன்றோ. வாராவாரம் ஒரு மணி நேரம் மனம்விட்டுப் பேசிவிட்டு வெறுங்கையோடு வருகிறீர்கள் என்றால், அது ஆறுதலாக இருக்கலாம், ஆனால் சிபிடி இல்லை.