கேரவன் ஏர் ஜாக்கி: இடது பின் மூலை படுத்தும் பாடு

தேனியில் இருக்கும் நண்பர் ஒரு வேனைக் கேரவனாக மாற்றிக்கொண்டிருக்கிறார். வண்டியின் மூலைகளைக் காற்றுப் பையால் தூக்கிச் சமமாக்கும் ஏர் ஜாக்கி போடலாமா என்று கேட்டார். போன வாரம்தான் என் வண்டியில் அதற்கு ரிப்பேர் செலவு செய்தேன். அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

தூக்குவதில் குறையே சொல்ல முடியாது. அழகர்கோவில் அடிவாரத்தில் எங்கே நிறுத்தினாலும் மேடு பள்ளம்தான். முன்பெல்லாம் டயருக்கு அடியில் மரக்கட்டையை வைத்து, வண்டியை ஏற்றி இறக்கி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, மறுபடியும் கட்டையை மாற்ற வேண்டும். இப்போது சக்கரத்துக்கு அண்டை கொடுத்துவிட்டு உள்ளே உட்கார்ந்து சுவிட்சைத் தட்டினால் சரி. டேங்கில் இருக்கும் காற்று அந்தக் காற்றுப் பைக்குள் இறங்க இறங்க மூலை மெல்ல எழும்பும். ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்து நிற்கும்.

நின்றால் போதுமா, விடியும்வரை நிற்க வேண்டாமா? இடது பின் மூலை ராத்திரியில் இறங்கிவிடும். பின்னால் குறுக்கே கிடக்கும் படுக்கையில் அம்மா தலை வைப்பது அந்தப் பக்கம்தான். மூன்று மணிக்கு எழுந்து, "தலை கனக்குதுப்பா, வண்டி சாஞ்சிருக்கு பாரு" என்பார். அந்நேரத்தில் காற்றடைக்கும் கம்ப்ரஸரைப் போட்டால் அதன் சத்தத்தில் பக்கத்து வண்டிக்காரர்களும் எழுந்துவிடுவார்கள். காலையில் கல்லில் ஊற்றிய முட்டை ஓரத்துக்கு ஓடும். எங்களுடையது கம்ப்ரஸர் பிரிட்ஜ், தப்பித்தது. காஸில் ஓடும் பிரிட்ஜ் என்றால் சாய்வில் குளிர்ச்சியும் போய்விடும்.

விற்றவரிடம் கேட்டால், "குளிர்ல காற்று சுருங்கும் சார்" என்று முடித்துவிட்டார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 10 டிகிரி இறங்கினால் காற்று 100-க்கு 3 பங்கு சுருங்கத்தான் செய்யும். ஆனால் மூலை இறங்கியது அந்தக் கணக்கில் அடங்காது.

மாட்டுத்தாவணிப் பக்கம் லாரிக்கு ஏர் பிரேக் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவினார். காற்றுப் பைக்குப் போகும் நைலான் ட்யூப்பின் முனையில் கடுகு கடுகாய் நுரை கிளம்பியது. உருவிக் காட்டினார், சாய்வாக வெட்டியிருந்தது. "நேரா வெட்டாமச் சொருகுனா ஓ-ரிங் எப்படிண்ணே பிடிக்கும்?" என்றார். இணைப்பில் காற்று கசியாமல் பிடிக்கும் ரப்பர் வளையம்தான் அந்த ஓ-ரிங். மாட்டிக் கொடுத்த கடையில் அவ்வளவு காசு வாங்கிக்கொண்டு ஒரு ட்யூப்பை ஒழுங்காக வெட்டவில்லை. நினைத்தாலே ஆத்திரம் வருகிறது.

அதை நேராக வெட்டி மாட்டிய பிறகு, இப்போது விடியும்போது குமிழி ஒரு நூல் நகர்ந்திருந்தால் பெரிது. டேங்கின் அடியில் சேரும் தண்ணீரை மட்டும் மறக்காமல் திறந்துவிடுகிறேன். கள்ளிக்குடிப் பக்கக் கரிசலில் மழைக்குப் பிறகு நிறுத்தினால் ஜாக்கிக்கு அடியில் அகலப் பலகை கட்டாயம். ஏர் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் படுக்கவே கூடாது.

நண்பருக்கு என் பதில், வேண்டாம். கட்டையே போதும். என் வண்டியிலிருந்து கழற்றுவேனா என்றால், மாட்டேன். அதையும் மீறிப் போடுவதாக இருந்தால், மாட்டும்போது பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு ட்யூப் முனையையும் பாருங்கள். சோப்புத் தண்ணீர் தடவிக் காட்டாமல் பணத்தை எடுக்காதீர்கள்.