பெரிய பந்தய ஃபேன்டஸி ஃபுட்பால்: பணத்தை யாரிடம் கட்டுவது?

ஃபேன்டஸி ஃபுட்பால் என்றால் நிஜ ஆட்டக்காரர்களை வைத்துக் கற்பனை டீம் கட்டி, அவர்கள் களத்தில் ஆடுவதைப் புள்ளியாக எண்ணும் ஆட்டம். ஆபீஸ் லீக்கில் ஐம்பது, நூறு டாலர் போட்டு இரண்டு வருடம் தொடர்ந்து ஜெயித்துவிட்டால், அடுத்த ஆகஸ்டில் கை அரிக்கத் தொடங்கிவிடும். ஆயிரம், இரண்டாயிரம் டாலர் கட்டி ஆடுகிறார்களே, அங்கே போய்ப் பார்த்தால் என்ன என்று தோன்றும். அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களிலும் இந்த ஆசை பிடித்தவர்கள் உண்டு. இறங்குவது என்று முடிவான பிறகு, எந்தப் போட்டி நடத்துபவரிடம் போவது என்பதில்தான் குழப்பம். ஒருவர் 10 லட்சம் டாலர் முதல் பரிசு என்கிறார், இன்னொருவர் 20 லட்சம் என்கிறார். பரிசுத் தொகையை வைத்து முடிவெடுக்காதீர்கள் என்பதுதான் என் கட்சி. பணம் யார் கையில் இருக்கிறது, விதிகள் எந்த மாதிரி ஆளுக்குச் சாதகம், கட்டியதில் எவ்வளவு பரிசாகத் திரும்புகிறது, இந்த மூன்றும்தான் முக்கியம்.

ட்ரீம்11 ஆடிப் பழகியவர்களுக்கு ஒரு விளக்கம். அங்கே ஒரு மேட்சுக்கு ஒரு டீம், எல்லோரும் ஒரே ஆட்டக்காரரை எடுக்கலாம். இங்கே அமெரிக்க ஃபுட்பால் சீசன் முழுக்க ஒரே டீம். பன்னிரண்டு பேர் முறை வைத்து டிராஃப்ட் செய்வார்கள், ஒருவர் எடுத்த ஆட்டக்காரர் அந்த லீக்கில் மற்றவருக்குக் கிடையாது. (இந்தியாவில் 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் கேமிங் சட்டத்துக்குப் பிறகு ட்ரீம்11 கூட பணம் கட்டி ஆடும் போட்டிகளை நிறுத்திவிட்டது. ஆகவே கீழே வருவதெல்லாம் அமெரிக்காவில் இருப்பவர்களுக்கான கணக்கு.)

களத்தில் உள்ள பெரிய பெயர்கள் மூன்று. 2004இல் தொடங்கிய நேஷனல் ஃபேன்டஸி ஃபுட்பால் சாம்பியன்ஷிப், சுருக்கமாக என்எஃப்எஃப்சி. 2008இல் வந்த ஃபேன்டஸி ஃபுட்பால் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப், எஃப்எஃப்பிசி. 2020இல் பெஸ்ட் பால் மேனியா என்ற போட்டியோடு இறங்கிய அண்டர்டாக். டிராஃப்ட்கிங்ஸ், ஃபேன்டூயல் இரண்டும் தினசரிப் போட்டிகளில் வளர்ந்த கம்பெனிகள், இப்போது அவர்கள் வருமானத்தில் பெரும்பங்கு ஸ்போர்ட்ஸ் பெட்டிங்தான். ஒரு காலத்தில் இரண்டும் ஒன்றாக இணையப் பார்த்தன. சந்தையே ஒருவர் கைக்குப் போய்விடும் என்று 2017இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் தடுத்தது. அவர்களை இங்கே விட்டுவிடுகிறேன்.

இந்த மூன்று பேரைப் பேசுவதற்கு முன், இப்போது இல்லாத நான்காவது ஆளைப் பேச வேண்டும். 2002இல் லாஸ் வேகாஸில் தொடங்கிய வேர்ல்ட் சாம்பியன்ஷிப் ஆஃப் ஃபேன்டஸி ஃபுட்பால்தான் இந்தத் தொழிலுக்கே பிள்ளையார் சுழி. முதல் பரிசு 2 லட்சம் டாலர், அந்த நாளில் யாரும் கேள்விப்படாத தொகை. ஹோட்டல் ஹாலில் நூற்றுக்கணக்கான பேர் உட்கார்ந்து, பலகையில் ஆட்டக்காரர் பெயரை ஒட்டி ஒட்டி டிராஃப்ட் செய்வதை ஒரு திருவிழாவாக்கியவர்கள் அவர்கள்தான். பிறகு போட்டி கைமாறியது. 2011 வாக்கில் ஜெயித்த பலருக்குப் பரிசுப் பணம் வந்து சேரவில்லை. பெயர் கெட்டது, போட்டியும் போயிற்று. முன்னோடி என்ற மரியாதை கடனைத் தீர்க்கவில்லை.

இது எப்படி நடக்கும் என்று கேட்டால், சட்டத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2006இல் அமெரிக்கா கொண்டுவந்த இணையச் சூதாட்டப் பணப் பரிமாற்றச் சட்டம் ஃபேன்டஸி விளையாட்டுக்கு விலக்கு தந்தது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. பரிசு எவ்வளவு என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், எத்தனை பேர் சேர்ந்தார்கள், எவ்வளவு கட்டணம் வந்தது என்பதை வைத்து அது மாறக்கூடாது. ஆக, நடத்துபவர் ஜூன் மாதமே ஒரு கோடி தருவதாக எழுதி வைக்கிறார், செப்டம்பரில் ஆள் சேராவிட்டால் குறைவதை அவரே போட வேண்டும். ஆடுபவர்களுக்கு இது கொண்டாட்டம். ‘ஓவர்லே’ என்று அதற்குப் பெயரே வைத்து, எங்கே இடம் காலியாக இருக்கிறது என்று கடைசி நாளில் தேடிப் போவார்கள். பாக்கெட் ஆழமில்லாத நடத்துபவருக்கு அதுவே தூக்குக் கயிறு. போட்டியாளரைவிடப் பெரிய எண்ணை விளம்பரத்தில் போடும் சின்ன கம்பெனியைக் கண்டால் நான் ஒதுங்கிப்போவது இதனால்தான்.

பணம் யார் கையில் என்ற கேள்விக்கு என்எஃப்எஃப்சியின் கதை சுவாரஸ்யமானது. க்ரௌஸ் பப்ளிகேஷன்ஸ் என்ற விஸ்கான்சின் பதிப்பகத்தில் கிரெக் அம்ப்ரோசியஸ் தொடங்கியது அது. பிறகு ஃபேன்பால், ஸ்டாட்ஸ், ஸ்போர்ட்ஸ்ஹப் என்று கைமாறியது. ஸ்போர்ட்ஸ்ஹப்பை 2022 கடைசியில் ஷார்ப்லிங்க் வாங்கியது, 2024 ஜனவரியில் ஆர்ஸ்போர்ட்ஸுக்கு விற்றது. அந்த ஷார்ப்லிங்க் 2025இல் ஈத்தரியம் என்ற கிரிப்டோ நாணயத்தை வாங்கிக் குவிக்கும் கம்பெனியாக மாறிவிட்டது, அது தனிக் கூத்து. இவ்வளவு முதலாளிகள் மாறியும் போட்டி நிற்கவில்லை, நடத்தும் முகமும் பெரும்பாலும் அதேதான். எஃப்எஃப்பிசி இதற்கு நேர் எதிர். அலெக்ஸ் ககனோவ்ஸ்கி, டேவ் கெர்சாக் இருவரும் தொடங்கினார்கள், இன்றும் அவர்கள் பெயரோடுதான் போட்டி பேசப்படுகிறது. அண்டர்டாக் முதலீட்டாளர் பணத்தில் வளர்ந்த கம்பெனி. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜெரமி லெவின் முன்பு டிராஃப்ட் என்ற ஆப்பை நடத்தியவர். பேடி பவர் பெட்ஃபேர் என்ற பந்தய கம்பெனி 2017இல் அதை வாங்கிக் கடைசியில் மூடியும் விட்டது. வாங்கியவர் மூடிய கடையை, விற்றவர் வேறு பெயரில் எதிரிலேயே திறந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். என்எஃப்எஃப்சிக்கும் எஃப்எஃப்பிசிக்கும் அடித்தளம் ஒன்றே: பன்னிரண்டு பேர் லீக், 20 ரவுண்டு டிராஃப்ட், வாரா வாரம் புது ஆட்டக்காரரை எடுக்க 1,000 டாலர் கற்பனைப் பணத்தில் மூடிய ஏலம், டீம்களுக்கிடையே ஆட்டக்காரர் பரிமாற்றம் கிடையாது. இரண்டாயிரம் டாலர் நடமாடும் இடத்தில் பரிமாற்றத்தை அனுமதித்தால் இரண்டு நண்பர்கள் சேர்ந்து ஒரு டீமை வீங்க வைத்துவிடுவார்கள்.

என்எஃப்எஃப்சி பரப்பிய ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்தது, மூன்றாம் ரவுண்டைத் திருப்பிப் போடுவது. சாதாரண டிராஃப்ட் பாம்பு மாதிரி வளைந்து போகும். முதல் இடத்தில் இருப்பவர் 1, 24, 25 என்று எடுப்பார். பன்னிரண்டாம் இடத்துக்காரருக்கு 12, 13, 36. முதல் ஆளுக்கு நாட்டிலேயே சிறந்த ஆட்டக்காரரும் கிடைத்து, அப்புறம் 24, 25 என்று இரட்டையும் கிடைப்பது கொஞ்சம் அநியாயம். மூன்றாம் ரவுண்டைத் திருப்பினால் முதல் இடத்துக்காரர் 1, 24, 36, கடைசி இடத்துக்காரர் 12, 13, 25. பதினோரு இட வித்தியாசம் சாதாரணமில்லை. எந்த இடம் வேண்டும் என்பதைக்கூட முழுக்கக் குலுக்கலில் விடாமல், நம் விருப்ப வரிசையை முதலிலேயே எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். ‘கென்டக்கி டெர்பி ஸ்டைல்’ என்று பெயர். அண்டர்டாக்கில் இதெல்லாம் இல்லை, விழுந்த இடத்தில் உட்கார வேண்டியதுதான்.

என்எஃப்எஃப்சிக்கும் எஃப்எஃப்பிசிக்கும் நிஜமான வித்தியாசம் டீம் அமைப்பிலும் புள்ளிக் கணக்கிலும் இருக்கிறது. என்எஃப்எஃப்சியில் மூன்று வைட் ரிசீவர் (ஓடிப்போய்ப் பந்தைப் பிடிப்பவர்), ஒரு ஃப்ளெக்ஸ் (பந்தோடு ஓடுபவரையோ பிடிப்பவரையோ விருப்பப்படி வைக்கும் இடம்), குவார்ட்டர்பேக் (பந்தை வீசுபவர்) வீசும் டச் டவுனுக்கு, அதாவது கோல் மாதிரியான ஸ்கோருக்கு, 6 புள்ளி. எஃப்எஃப்பிசியில் இரண்டு வைட் ரிசீவர், இரண்டு ஃப்ளெக்ஸ், வீசும் டச் டவுனுக்கு 4 புள்ளி. இதையெல்லாம் விடப் பெரியது ஒன்று உண்டு. எஃப்எஃப்பிசியில் டைட் எண்ட் (எதிராளியைத் தடுப்பதோடு பந்தையும் பிடிப்பவர்) பிடிக்கும் ஒவ்வொரு கேட்சுக்கும் ஒன்றுக்குப் பதில் ஒன்றரைப் புள்ளி. 2022இல் டைட் எண்ட் டிராவிஸ் கெல்சி 110 கேட்ச் பிடித்தார். அந்த அரைப் புள்ளி மட்டுமே 55 புள்ளி கூடுதல். அவரை முதல் ரவுண்டில் எடுப்பதா வேண்டாமா என்ற விவாதம் அங்கே எழவே எழாது. ஆபீஸ் லீக்கின் பட்டியலை அப்படியே தூக்கிக்கொண்டு எஃப்எஃப்பிசிக்குப் போகிறவர், டைட் எண்ட் விஷயத்தில் ஆறாம் ரவுண்டுக்குள் தோற்றுப்போயிருப்பார், அதுவும் தெரியாமலே.

எஃப்எஃப்பிசியின் மெயின் ஈவென்ட் கட்டணம் சுமார் 2,000 டாலர். பன்னிரண்டு பன்னிரண்டாகப் பல லீக்குகளில் மொத்தம் சில ஆயிரம் டீம்கள். எல்லோருக்கும் மேலே வருபவருக்கு முதல் பரிசு சமீப ஆண்டுகளில் 10 லட்சம் டாலர். என்எஃப்எஃப்சியின் பிரைம்டைம் போட்டியில் கூட்டம் இதைவிடக் குறைவு, முதல் பரிசும் குறைவு. ஆனால் கூட்டம் குறைந்தால் நீங்கள் மேலே வரும் வாய்ப்பு கூடும். முதல் பரிசுக்குச் சில ஆயிரம் பேரைத் தாண்டுவதும் சில நூறு பேரைத் தாண்டுவதும் ஒன்றாகுமா? இரண்டிலும் உங்கள் லீக்கை ஜெயித்தாலே தனிப் பரிசு உண்டு என்பது ஆறுதல். லாஸ் வேகாஸில் நேரில் உட்கார்ந்து டிராஃப்ட் செய்யும் அனுபவமும் இரண்டிலும் உண்டு. இதில் ஒரு வேடிக்கை: 2015இல் நெவாடா மாநிலம் தினசரிப் போட்டிகளைச் சூதாட்டம் என்று அறிவித்து, உரிமம் இல்லாமல் நடத்தக்கூடாது என்று சொல்ல, டிராஃப்ட்கிங்ஸும் ஃபேன்டூயலும் அங்கிருந்து மூட்டை கட்டின. சீசன் முழுக்க ஆடுபவர்களோ இன்றும் அதே ஊரில்தான் கூடுகிறார்கள்.

அண்டர்டாக்கின் பெஸ்ட் பால் மேனியா முற்றிலும் வேறு ஜாதி. 25 டாலர், 18 ரவுண்டு டிராஃப்ட், அதோடு உங்கள் வேலை முடிந்தது. ஏலம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரை இறக்குவது என்ற தவிப்பு கிடையாது. அதிகப் புள்ளி எடுத்தவர்களை ஆப்பே கணக்கில் சேர்த்துக்கொள்ளும். ஒரு தேர்வுக்கு 30 விநாடி தரும் வேக டிராஃப்டும் உண்டு, 8 மணி நேரம் தரும் மெதுவான டிராஃப்டும் உண்டு. இரண்டு பிள்ளைகளும் முழுநேர வேலையும் உள்ளவருக்கு இதைவிட வசதியான ஆட்டம் கிடையாது.

வசதிக்கு விலை இருக்கிறது. 2021இல் பால்டிமோர் ஆட்டக்காரர் ஜே.கே. டாபின்ஸுக்கு சீசனுக்கு முந்தைய கடைசிப் பயிற்சி ஆட்டத்தில், ஆகஸ்ட் 28 அன்று, முழங்கால் தசைநார் கிழிந்தது. ஜூன், ஜூலையில் அவரை எடுத்த பெஸ்ட் பால் டீம்கள் செப்டம்பர் வருவதற்குள் ஊனமாகிவிட்டன, திருத்த வழியில்லை. 2023இல் அதற்கு நேர்மாறு. என்எஃப்எல் டிராஃப்டில், அதாவது நிஜ டீம்கள் புது ஆட்டக்காரரை எடுக்கும் தேர்வில், ஐந்தாம் ரவுண்டில் போன ரிசீவர் பூக்கா நக்குவா, முதல் வாரமே 10 கேட்ச், 119 யார்டு. வாராந்திர ஏலம் உள்ள போட்டிகளில் அவர் கைவசம் இல்லாதவர்கள் அந்த ஆயிரம் கற்பனை டாலரில் பெரும்பங்கைக் கொட்டத் தயாரானார்கள். பெஸ்ட் பாலில் கடைசி ரவுண்டில் கண்ணை மூடி எடுத்தவருக்கு அதிர்ஷ்டம், மற்றவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

25 டாலர்தானே என்ற நினைப்பும் ஏமாற்றும். 2023இன் நான்காம் பெஸ்ட் பால் மேனியாவில் சுமார் 6.77 லட்சம் டீம்கள். வசூல் ஏறத்தாழ 1.69 கோடி டாலர், பரிசு 1.5 கோடி, முதல் பரிசு 30 லட்சம். நடத்துபவர் எடுத்துக்கொண்டது சுமார் 11 சதவீதம். கூட்டத்தில் ஒருவருக்கு 150 டீம் வரை அனுமதி, அதாவது 3,750 டாலர். பெரிய ஆட்டக்காரர்கள் அப்படித்தான் இறங்குகிறார்கள். நீங்கள் ஒற்றை டீமோடு நிற்பது லாட்டரிச் சீட்டுக்குப் பக்கத்தில்தான் வரும். 2022இல் 20 லட்சம் வென்ற பேட் கெரேன், பெஸ்ட் பால் பற்றி எழுதியே பிழைப்பவர் என்பதையும் நினைவில் வையுங்கள்.

யாரிடம் போனாலும் ஒரு காரியம் செய்யுங்கள்: கட்டணத்தை டீம் எண்ணிக்கையால் பெருக்கி, அறிவித்த பரிசைக் கழித்துப் பாருங்கள். லீக் பரிசையும், எல்லா லீக்குக்கும் சேர்த்துத் தரும் பொதுப் பரிசையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும், பலர் பொதுப் பரிசோடு நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம் ரத்தான ஆட்டம் பற்றிய விதியைத் தேடிப் படியுங்கள். 2023 ஜனவரி 2, பதினேழாம் வாரத்தின் கடைசி ஆட்டம், பஃபலோவுக்கும் சின்சினாட்டிக்கும். முதல் கால் பகுதியிலேயே பஃபலோ ஆட்டக்காரர் டமார் ஹாம்லின் இதயத் துடிப்பு நின்று விழுந்தார், உயிர் பிழைத்தார். ஆட்டம் கைவிடப்பட்டது, மறுபடி நடக்கவே இல்லை. ஜோஷ் ஆலன், ஸ்டெஃபான் டிக்ஸ், ஜோ பரோ, ஜாமார் சேஸ் எல்லோரும் அந்த ஆட்டத்தில். ஃபேன்டஸிப் போட்டிகளின் இறுதி வாரமும் அதுவே. ஒரு மனிதர் உயிருக்குப் போராடும் நேரத்தில் புள்ளியைப் பற்றிப் பேசவே கூசும். ஆனால் விதிப் புத்தகத்தில் அந்த வரி முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டியதும் அந்த மாதிரி இரவுக்காகத்தான்.

என்னைக் கேட்டால், வாரத்துக்கு நான்கைந்து மணி நேரம் ஒதுக்க முடிந்தவர் முதல் வருடமே 2,000 டாலர் கட்ட வேண்டாம். எஃப்எஃப்பிசியே ஃபுட்பால்கைஸ் பெயரில் 350 டாலருக்கு ஒரு போட்டி நடத்துகிறது, டைட் எண்ட் கணக்கைப் பழக அது போதும். சிறு கூட்டமும் குவார்ட்டர்பேக்குக்கு மரியாதையும் வேண்டுமென்றால் என்எஃப்எஃப்சி. டிராஃப்ட் செய்யும் சுகம் மட்டும் போதும் என்பவருக்கு அண்டர்டாக், நான்கைந்து டீம், அதுவும் ஆகஸ்ட் கடைசியில். அதற்கு முன் உங்கள் மாநிலத்தில் அனுமதி உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாஷிங்டன் மாநிலத்தில் இருந்தால் இந்தக் கட்டுரையே உங்களுக்கு வெறும் பொழுதுபோக்கு.