கல்வெட்டை ஏஐ எழுதினால்: வன்னிக் கடைகளின் புதிய சேவை பற்றி ஒரு மதிப்பீடு

இறந்தவரின் பெயர், பிறந்த திகதி, இறந்த திகதி, பிள்ளைகளின் பெயர்கள், ஒரு படம். இவ்வளவையும் வட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு மணித்தியாலத்துக்குள் 16 பக்கக் கல்வெட்டு, அதாவது இறந்தவரின் நினைவுப் புத்தகம், வந்துவிடும். 31ஆம் நாள் கிரியைக்கு நாள் நெருங்கும் வீட்டுக்கு இது பெரிய உதவிபோலத் தெரியும். கடைக்காரர் செய்வது இதுதான்: அனுப்பிய விபரத்தை ஏஐ செயலியில் போட்டு, அது தந்ததை எடுத்து, ஏற்கெனவே வைத்திருக்கும் பக்க வடிவத்தில் ஒட்டுகிறார். இந்த மதிப்பீடு எந்தத் தனிக் கடையையும் பற்றியதல்ல. அப்படி வரும் எழுத்தைப் பற்றியது.

அச்சு நன்றாக இருக்கிறது. படம் துலக்கமாக வருகிறது. எழுத்தை அப்படியே அச்சுக்கு விடக்கூடாது.

முதலில் திதி வெண்பா, அதாவது இறந்த ஆண்டையும் மாதத்தையும் திதியையும் சொல்லும் பாட்டு. கல்வெட்டின் உயிர் அதுதான். ஆண்டுத் திவசத்துக்கு நாள் பார்க்கும் பிள்ளைகள் புரட்டுவதும் அந்தப் பக்கத்தைத்தான். ஏஐ தரும் “வெண்பா” பார்வைக்கு நாலு வரியாக இருக்கும், அவ்வளவே. அடிக்கடி வரும் தொடக்கம் “குரோதி ஆண்டில் தை மாதம்” என்பது போன்றது. அலகிட்டு, அதாவது நேர், நிரை என்ற அசைகளாகப் பிரித்துப் பாருங்கள். குரோ/தி நிரை நேர், அதாவது புளிமா என்ற மாச்சீர். மாச்சீரை அடுத்து நிரையசை வரவேண்டும். வருவதோ “ஆண்” என்ற நேர். முதல் இரண்டு சீரிலேயே தளை, அதாவது சீரோடு சீர் இணையும் கட்டு, தட்டிவிட்டது. “தை” ஓரசைச் சீர். வெண்பாவில் அதற்கு ஈற்றில் மட்டுமே இடம். முடிவு பெரும்பாலும் “அடைந்தாரே” என்றிருக்கும். வெண்பாவின் ஈற்றுச்சீருக்குரிய நாள், மலர், காசு, பிறப்பு என்ற நாலு வாய்பாட்டில் ஒன்றிலும் அது அடங்காது. இரண்டாம் அடியின் ஈற்றில் வரவேண்டிய தனிச்சொல் இருக்காது, அல்லது எதுகை இல்லாத ஏதோ ஒரு சொல் கோட்டுக்குப் பின்னால் நிற்கும்.

பிழையைச் சுட்டினால் “மன்னிக்கவும், திருத்திய வெண்பா இதோ” என்று இன்னொரு பிழையான பாட்டைத் தரும். காரணம் எளிது. அந்தச் செயலி தமிழை அசையாகப் பார்ப்பதில்லை. எழுத்துகளைத் தன் வசதிக்கேற்ற துண்டுகளாக வெட்டி, அடுத்து எந்தத் துண்டு வரக்கூடும் என்று கணிக்கிறது. நேரும் நிரையும் அந்த வெட்டில் சிதைந்துபோகின்றன. இலக்கண விதியைக் கேட்டால் ஒப்பிக்கும். தான் எழுதிய வரியில் அது நிற்கிறதா என்று பார்க்கத் தடுமாறும்.

ஒரு திதி வெண்பா எப்படி நிற்கவேண்டும் என்று காட்ட, இதற்காகவே கட்டிய ஒன்று:

ஆண்டு குரோதியில் ஆர்ந்தநல் தைத்திங்கள்
பூண்ட வளர்பிறைப் பஞ்சமியில் – வேண்டியே
ஒட்டுசுட் டானுறை ஈசன் திருவடி
எட்டினார் அம்மை இனிது.

பெரிய கவிதை என்று சொல்லவில்லை. ஆனால் ஆண்டு, மாதம், பக்கம் (வளர்பிறையா தேய்பிறையா என்பது), திதி நான்கும் உள்ளன. ஆண்டு – பூண்ட – வேண்டியே எதுகை. ஒட்டு – எட்டி எதுகை. ஈற்றுச்சீர் “இனிது” பிறப்பு வாய்பாடு. ஊரின் தெய்வமும் உள்ளே வந்துவிட்டது. ஊரில் மரபுக்கவிதை தெரிந்த ஆசிரியர் ஒருவர் அரை நாளில் எழுதித் தருவார். அவரிடம் போங்கள்.

யாப்பைவிட மோசம், திதியே பிழைப்பது. மேலே உள்ள வெண்பா 2025 பெப்ரவரி 2ஆம் திகதி மாலையில் ஒருவர் இறந்திருந்தால் வரவேண்டியது. ஏஐ இதில் இரண்டு இடத்தில் சறுக்கும். 2025 என்றவுடன் விசுவாவசு என்று எழுதிவிடும். ஆனால் சித்திரை பிறக்கும்வரை குரோதிதான். அடுத்தது, அன்று திருக்கணிதப் பஞ்சாங்கப்படி காலை 9 மணியளவில் சதுர்த்தி முடிந்து பஞ்சமி தொடங்கியது. காலை 7 மணிக்கு இறந்தவருக்கும் மாலை இறந்தவருக்கும் திதி வேறு. திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலான 12 பாகை இடைவெளி. நள்ளிரவில் மாறும் திகதி அல்ல. செயலி இதைக் கணக்கிடாமலே துணிந்து ஒரு பெயரைச் சொல்லும். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் மணிக்கணக்கில் வேறுபடும் நாட்களும் உண்டு. எனவே இறந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, கிரியை செய்யும் குருக்களிடமே திதியைக் கேட்டு எழுதி வாங்குங்கள். வெண்பா எழுதுபவருக்கு அந்தத் துண்டைக் கொடுங்கள்.

இனி உறவுமுறை. செயலி கற்ற தமிழில் பெரும்பகுதி தமிழகத் தமிழ். மாமி அத்தையாகிறார், சின்னம்மா சித்தியாகிறார், அம்மம்மாவும் அப்பம்மாவும் ஒரே “பாட்டி” ஆகிவிடுகிறார்கள். பேரப்பிள்ளையின் இரங்கற்குறிப்பில் “பாட்டி” என்று அச்சானால் எந்தப் பக்கத்து உறவென்றே தெரியாது. சம்பந்தி, சகலன், மைத்துனர் வரிசையும் குழம்பும். இருபது பெயருக்கு மேல் போனால் ஒன்றிரண்டு பெயரை விழுங்கிவிடும். விடுபட்ட வீட்டார் அதை இலேசில் மறக்கமாட்டார்கள். பெயர்களை எண்ணுங்கள். கொடுத்தது 34 என்றால் அச்சிலும் 34 இருக்கவேண்டும்.

“காலஞ்சென்ற” என்ற சொல்லைத் தனியாகப் பாருங்கள். “காலஞ்சென்ற கந்தையா, பொன்னம்மா தம்பதிகளின்” என்ற அமைப்பில் யார் இறந்தவர், யார் உயிரோடு இருப்பவர் என்று செயலி ஊகிக்கிறது. வன்னியில் இந்த ஊகம் வெறும் எழுத்துப் பிழை அல்ல. காணாமல் ஆக்கப்பட்ட மகனின் பெயருக்கு முன்னால் அது “காலஞ்சென்ற” என்று போட்டுவிடும். 2009க்குப் பிறகு தகவல் இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தால் “போரில் உயிர்நீத்த” என்று முடித்தும்விடும். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில் தாய்மார் வீதியோரம் இருந்து, பிள்ளைகள் எங்கே என்று கேட்ட கேள்விக்கு, ஒரு செயலி ஒரே சொல்லில் பதில் எழுதக்கூடாது. அந்தப் பெயர் எப்படி வரவேண்டும் என்பதைக் குடும்பமே சொல்லவேண்டும். அச்சுக்குப் போகுமுன் அந்த வரியைத் தாயோ மனைவியோ வாசித்திருக்கவேண்டும்.

வாழ்க்கைக் குறிப்பிலும் இதே நோய். கொடுத்த விபரம் குறைவென்றால் இடைவெளியை அது சொல்லாலே நிரப்பும்: “அனைவருக்கும் வழிகாட்டியாய்”, “அன்பின் திருவுருவாய்”, “போரின் கோரப்பிடியில் சிக்கி”. யாருக்கும் பொருந்தும், யாரையும் காட்டாது. இடப்பெயர்வுப் பாதையையும் குழப்பும். பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் என்று போகும் ஒழுங்கு அதற்குப் புரியாது; போகாத ஊரையும் சேர்க்கும். ஓட்டத்தில் பிறப்புச் சான்றிதழும் கலியாணப் படமும் தொலைத்த குடும்பங்கள் இங்கே ஏராளம். அந்த வீடுகளில் பேரப்பிள்ளை கையில் மிஞ்சப்போவது இந்தச் சின்னப் புத்தகம்தான். அதில் வரும் ஊரும் ஆண்டும் உண்மையாக இருக்கவேண்டும்.

அதனால் குறிப்பை வேறு வழியில் தயாரியுங்கள். மூத்த உறவினர் ஒருவரைப் பேசவிட்டு 20 நிமிடம் கைபேசியில் பதிவு செய்யுங்கள். எந்தக் குளத்தின் கீழ் வயல் செய்தார், எந்த ஆண்டு எங்கே இருந்தார், என்ன சொல்லித் திட்டுவார், எந்தக் கோயிலுக்கு நேர்த்தி வைத்தார். அதை அவர் சொன்ன சொல்லிலேயே இரண்டு பக்கத்துக்கு எழுதினால் போதும்.

திருமுறைப் பாட்டுகள் வரும் பஞ்சபுராணப் பகுதியையும் செயலியிடம் கேட்கவேண்டாம். தேவாரம்போல் ஒலிக்கும் இல்லாத பாட்டைத் தரும். திருக்கேதீச்சரத்துக்குச் சம்பந்தர் பதிகமும் உண்டு, சுந்தரர் பதிகமும் உண்டு; ஒன்றின் அடியை மற்றதில் ஒட்டிவிடும். அச்சிட்ட திருமுறைப் புத்தகத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள்.

அச்சகத்தில் இன்னொரு சிக்கல்: செயலி தருவது யூனிகோட், பல கடைகள் பக்கம் கட்டுவது யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில். மாற்றும்போது ஸ்ரீ, க்ஷ, ஔ போன்றவை உடையக்கூடும். மெய்ப்பில், அதாவது திருத்தம் பார்க்கத் தரும் முன்னச்சில், இவற்றைத் தேடிப் பாருங்கள்.

இந்தச் சேவையை எதற்கு வைத்துக்கொள்ளலாம்? வெளிநாட்டு உறவினருக்கு ஆங்கில நன்றிக் கடிதம், படங்களின் ஒழுங்கு, நீங்களே எழுதியதில் ஒற்றுப் பிழை தேடுவது. இவற்றுக்கு நல்லது. மரணச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் படமெடுத்து அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள். கல்வெட்டுக்கு அவை தேவையில்லை.

நாட்கணக்கு இப்படி இருக்கட்டும். எட்டாம் நாளை ஒட்டிவரும் எட்டுச் செலவுச் சடங்குக்குள் குருக்களிடம் திதித் துண்டு. 15ஆம் நாளுக்குள் வெண்பாவும் வாழ்க்கைக் குறிப்பும். 22ஆம் நாள் கடையில் ஒப்படைப்பு. 25ஆம் நாள் தாளில் அச்சிட்ட மெய்ப்பு, திரையில் அல்ல. தகப்பன் பக்கத்தில் ஒருவரும் தாய் பக்கத்தில் ஒருவரும் தனித்தனியே வாசிக்கவேண்டும். பக்க எண்ணிக்கை நாலின் மடங்காக வரவேண்டும் என்பதால், மிஞ்சும் பக்கத்தை நிரப்பக் கடைக்காரர் ஏஐ கவிதை தருவார். அந்த இடத்தில் இன்னொரு குடும்பப் படம் போடச் சொல்லுங்கள்.