சேராகப் போவதா, கோச்சாக வருவதா?

உயர்தரம் எழுதிவிட்டு நிற்கிற மருமகன் போன கிழமை சொன்னான்: “மாமா, நான் பாஸ்கெட்போல் கோச்சாகப் போறன்.” அக்கா ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குள் போய்விட்டார்.

யாழ்ப்பாணத்தில் அதற்கு இரண்டு வழி இருக்கிறது. உடற்கல்வி ஆசிரியராகி, அதாவது பிள்ளைகளுக்குச் ‘சேர்’ ஆகி, பாடசாலைக்கு உள்ளேயிருந்து அணியைப் பொறுப்பெடுக்கலாம். இல்லையென்றால் பின்னேரங்களில் வெளியிலிருந்து வந்து பழக்கலாம். அதற்குரிய காசு பெரும்பாலும் பழைய மாணவர்களின் தயவில் வரும்.

காசைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. ஆசிரியருக்கு மாதம் முடியச் சம்பளம். வெளிக் கோச்சுக்குப் போட்டிக் காலத்தில்தான் வருமானம். கார்த்திகை மழைக்குச் சீமெந்துக் கோர்ட்டில் தண்ணீர் நின்றால் அதுவும் இல்லை. அதனால்தான் இரண்டு மூன்று பாடசாலைகளை ஒன்றாகப் பிடித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஓடித் திரிகிறார்கள்.

கோர்ட்டுக்குள் வந்தால்தான் சிக்கல். நான் விளையாடிய காலத்தில் எங்களுக்கு இரண்டு வகை ஆட்களும் வாய்த்தார்கள். வெளிக் கோச் மகா கெட்டிக்காரர். ஆளுக்கு ஓர் இடத்தைப் பொறுப்பெடுத்துத் தடுக்கிற ஸோன் டிபென்ஸில் யார் எங்கே நிற்க வேண்டும் என்று சோக்கட்டியால் நிலத்தில் கீறிக் காட்டுவார். இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆனால் நாலரைக்கு வந்து ஆறு மணிக்குப் போய்விடுவார். எங்கள் உயரமான பெடியன் செவ்வாயும் வியாழனும் வராததைக் கண்டு, ஒழுங்கில்லாதவன் என்று அணியிலிருந்து எடுத்துவிட்டார். அவன் போனது கெமிஸ்ட்ரி ரியூசனுக்கு. அது உடற்கல்வி சேருக்குத் தெரியும். அவர் ரியூசன் மாஸ்டரின் வீட்டுக்கே போய்க் கதைத்து, பெடியனை ஞாயிறு காலை வகுப்புக்கு மாற்றிவிட்டார். அடுத்த மட்சில் ரிபவுண்டு, அதாவது கூடைக்குள் போகாமல் தெறித்து வருகிற பந்து, முழுக்க அவனுடையது. இத்தனைக்கும் அந்த சேருக்கு ஸோன் டிபென்ஸ் கடைசிவரை பிடிபடவில்லை. நாங்கள்தான் சொல்லிக் கொடுத்தோம்!

சேராக இருப்பதிலும் கரைச்சல் இருக்கிறது. பதினாறு வயதுப் பிள்ளைகளை வளர்த்து, அவர்கள் இருபது வயதுப் பிரிவுக்கு வருகிற நேரத்தில் இடமாற்றக் கடிதம் வரும். கூடைப்பந்து மட்டும் அவர் தலையில் இல்லை. இல்ல விளையாட்டுப் போட்டி, எல்லே, கரம் எல்லாம் அவரே. வெளிக் கோச்சுக்கு இந்தத் தொல்லை கிடையாது. பதிலுக்கு, இரண்டு மட்ச் தோற்றால் ஆளை மாற்றச் சொல்லி லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் போன் வரும்.

அமெரிக்காவில் காலேஜ் கோச் என்றால் பல்கலைக்கழக அணியின் கோச். பெரிய இடங்களில் சம்பளம் மில்லியன் டொலர் கணக்கு. எங்கள் கொலிஜ்களோ பள்ளிக்கூடங்கள். ஆனாலும் பழைய மாணவர்களின் வாய் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். 1980இல் டியூக் பல்கலைக்கழகத்துக்கு வந்த மைக் ஷஷெஃப்ஸ்கியின் அணி, மூன்றாவது பருவத்தில் 11 வெற்றி, 17 தோல்வி. அனுப்பிவிடுங்கள் என்று அபிமானிகள் நின்றார்கள், நிர்வாகம் அசையவில்லை. 1991இல் முதல் சாம்பியன் பட்டம். 2022இல் ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் ஐந்து பட்டங்கள்.

மருமகனுக்கு நான் சொன்னது அவருடைய கதையை அல்ல, இன்னொரு அமெரிக்கக் காலேஜ் கோச்சான ஜோன் வூடனுடையதை. அவர் முதலில் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் படிப்பித்தவர். 1948இல் லொஸ் ஏஞ்சல்ஸில் உள்ள யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்குப் போனார், முதல் தேசியப் பட்டம் 1964இல். அதிலிருந்து 12 பருவங்களில் பத்துப் பட்டங்கள். பருவத்தின் முதல் பயிற்சியில் அவர் தொடங்குவது பந்திலிருந்து அல்ல: சொக்ஸைச் சுருக்கம் இல்லாமல் இழுத்துப் போட்டு, சப்பாத்து நூலை இறுக்கிக் கட்டுவது எப்படி என்பதிலிருந்து. சுருக்கம் விழுந்தால் கால் கொப்பளிக்கும். பங்குனி வெயிலில் எங்கள் சீமெந்துக் கோர்ட்டில் ஓடிய எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

என்னைக் கேட்டால் ஆசிரியர் வழிதான். ஸோன் டிபென்ஸைப் பிறகும் படிக்கலாம். பெடியன் எந்த ரியூசனுக்குப் போகிறான் என்பதை வெளியில் நின்று படிக்க முடியாது. கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பம் கோரும்போது போடச் சொல்லியிருக்கிறேன். அக்கா திரும்பக் கதைக்கத் தொடங்கிவிட்டார்.

அவன் இப்போதைக்குச் சனிக்கிழமைகளில் ஒழுங்கைச் சின்னப் பெடியள் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போகிறான். போன சனி அரை மணித்தியாலமாகப் பந்தையே தொடவிடவில்லையாம். ஆறு பேரும் நிலத்தில் இருந்து நூல் கட்டினார்களாம். அதில் இரண்டு பேர் செருப்போடு வந்தவர்கள்.