ஹலால் சான்று: மார்க்க அறிவா, உணவு அறிவியலா?

ஹலால் சான்று தரும் முன் சோதிக்க யாரை அனுப்புவது: மார்க்கக் கல்வி பெற்றவரையா, உணவு அறிவியலாளரையா? இறைச்சிக்கூடத்தில் மார்க்கக் கல்வி பெற்ற அதிகாரியே முந்துகிறார். அறுப்பவர் இறைவன் பெயரைச் சொன்னாரா, விலங்கு அப்போது உயிரோடு இருந்ததா என்பதை அவர் நேரில் பார்த்தே தீர்மானிப்பார்.

தொழிற்சாலையில் நிலை வேறு. இந்தோனேசியாவில் 2000-ஆம் ஆண்டின் இறுதியில் வெடித்த அஜினோமோட்டோ விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுவையூட்டியில் பன்றியின் எச்சம் இல்லை. ஆனால் அதை உருவாக்கும் பாக்டீரியாவுக்கான வளர்ப்பு ஊடகத்தில் இருந்த சோயாப் புரதம், பன்றியிலிருந்து எடுத்த நொதியால் பக்குவப்படுத்தப்பட்டிருந்தது. முடிந்த பொருளை மட்டும் சோதித்தால் இது பிடிபடாது. நுண்ணுயிரியல் தெரிந்தவருக்குத்தான் அந்த ஊடகத்தின் மூலப்பொருள் என்ன என்று கேட்கத் தோன்றும்.

ஆனாலும் அறிவியல் பாதி வழிதான் வரும். எச்சமே இல்லாதபோது, பயன்படுத்தியது மட்டுமே தடைக்குப் போதுமா? இது மார்க்கச் சட்டக் கேள்வி. இந்தோனேசியாவின் மார்க்க அறிஞர் அவையான உலமா மன்றம் ஹராம் (தடுக்கப்பட்டது) என்றது. மார்க்க அறிஞரான அன்றைய அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹித் உண்ணலாம் என்றார்.

என் தேர்வு இதுதான்: ஆலைத் தணிக்கைக்கு உணவு அறிவியலாளரை அனுப்புங்கள், தீர்ப்பை அறிஞர் குழுவிடம் விடுங்கள். ஜெலட்டினோ (விலங்கின் தோல், எலும்பு போன்றவற்றிலிருந்து எடுக்கும் புரதம்) மோனோகிளிசரைடோ (கொழுப்பிலிருந்து செய்யும் சேர்பொருள்) மூலப்பொருள் பட்டியலில் இருந்தால் இதில் சமரசமே கூடாது. பெயரை மட்டும் பார்த்து, எதிலிருந்து எடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.