ஏரிக் கெண்டைக்கு 7 அடித் தூண்டில் செட்: குளிர்நீரில் எப்படி?

கொடைக்கானல், ஊட்டி ஏரிகளில் மாசி, பங்குனிக் காலையில் தண்ணீர் சில்லென்றிருக்கும். கெண்டை அப்போது மெல்லத்தான் இரை எடுக்கும். கடி ஒரு சிறு நடுக்கமாகத்தான் தெரியும். கடைகளில் கிடைக்கும் 7 அடி ஃபைபர் ராடு, 3000 அளவு ரீல் (தங்கூசி சுற்றும் உருளை) செட் இதற்குப் பாதிதான் பொருந்தும்.

ராடு உறுதியானது, ஆனால் நுனி தடிமன். கடியை நுனி காட்டாததால் தக்கை கட்டியே ஆக வேண்டும்.

பெரிய குறை தங்கூசியில், அதாவது தூண்டில் நரம்பில். செட்டோடு வரும் 0.35 மி.மீ. நைலான் குளிரில் விறைத்துச் சுருள் சுருளாக உருவும். வீச்சு குறையும், சிக்கலும் விழும். வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் ஊறவைத்து இழுத்துவிட்டால் ஓரளவு அடங்கும். 0.25 மி.மீ.க்கு மாற்றுவதே நல்லது. அப்போது ரீலின் டிராகையும் (மீன் இழுக்கும்போது தங்கூசியை நழுவவிடும் பிடிப்பு) தளர்த்துங்கள்: தங்கூசி தாங்கும் எடையில் கால் பங்கு இழுத்தால் நழுவ வேண்டும். இறுக்கமாக விட்டால் முதல் பாய்ச்சலிலேயே அறுந்துவிடும்.

கூட வரும் பெரிய 1/0 முள்ளை ஒதுக்கிவிட்டு, அதைவிடச் சிறிய 8ஆம் எண் முள் வாங்குங்கள். மைதா உருண்டை கொண்டைக்கடலை அளவு போதும். உருண்டை பெரிதானால் மீன் ஓரத்தைக் கொத்திவிட்டுப் போய்விடும். அடிவாரத்தில் பவானிசாகர் கெளுத்திக்கு இந்த ராடு தாராளம், மண்புழுவைக் கொத்தாகக் கோர்க்கலாம்.

ரீலுக்குள் கிரீஸ் அதிகம், குளிரில் கைப்பிடி கனக்கிறது. துடைத்து இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். மீன்வளத்துறை அனுமதியை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.